ஒரு படி முன்னால் பாருங்கள்: உடை, எழுத்து, வேலை பற்றிய சின்னச் சின்ன நுணுக்கங்கள்

சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தால் நூல் மட்டம் என்கிறோம். வெள்ளை வேட்டியில் நீலத் திட்டு விழுந்தால் நீலம் சரியில்லை என்கிறோம். கொடுத்த மனுவுக்குப் பதில் வராவிட்டால் அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை என்கிறோம். பெரும்பாலும் கோளாறு கண்ணில் படுகிற இடத்தில் இருப்பதில்லை. அதற்கு ஒரு படி முன்னால் இருக்கிறது: நூலை இழுத்த விதத்தில், நீலத்தைக் கலந்த வரிசையில், மனுவின் முதல் இரண்டு வரியில். அந்த முந்தின படிக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் அதே வேலையை இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்காது. அன்றாடம் கை படும் சில வேலைகளில் அந்த முந்தின படி எது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொத்தான் தைப்பது

கடையில் வாங்கும் ஆயத்தச் சட்டைகள் பலவற்றில் பொத்தானை இயந்திரம் ஒற்றை நூலால் சங்கிலித் தையலாகப் போட்டிருக்கும். பின்பக்கம் தொங்கும் நுனி எங்காவது மாட்டி இழுபட்டால் மொத்தத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வந்துவிடும். புதுச் சட்டை வாங்கியதும் ஒவ்வொரு பொத்தானின் பின்பக்க முடிச்சிலும் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். நுனியைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டாம்.

அறுந்ததை நாமே தைக்கும்போது நடக்கும் பிழை வேறு. பொத்தானைத் துணியோடு அழுத்திப் பிடித்து, நூலை இறுக்கி இறுக்கித் தைக்கிறோம். பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் பொத்தான் போட்டவுடன் காஜா உள்ள துணி அதன் அடியில் நுழைய இடம் வேண்டுமே! இடம் இல்லாவிட்டால் துணி சுருங்கிக்கொள்ளும், காஜாவின் விளிம்பு நூலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வயிற்றருகே உள்ள பொத்தான் முதலில் போவதற்குக் காரணம் உட்காரும்போது அங்கேதான் இழுப்பு அதிகம்.

இரட்டையாக மடித்த பிறகு ஒரு முழம் வருகிற அளவுக்கு நூல் எடுங்கள். அதற்கு மேல் போனால் சிக்கும். பருத்தி நூலைவிடப் பாலியெஸ்டர் நூல் தேய்மானம் தாங்கும். பெரிய முடிச்சு போடாமல், பொத்தான் மறைக்கப்போகும் இடத்திலேயே இரண்டு சிறு தையல் போட்டு நூலை நிறுத்துங்கள். பொத்தானை வைத்து, அதன் மேலே, துளைகளுக்கு நடுவில் ஒரு தீக்குச்சியைக் கிடத்துங்கள். நூல் குச்சியின் மேலாகப் போய் வர வேண்டும். நான்கு துளைப் பொத்தானுக்கு ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று சுற்று போதும். இப்போது குச்சியை உருவிவிட்டுப் பொத்தானைத் தூக்குங்கள். குச்சி பிடித்திருந்த தளர்ச்சி கீழே இறங்கி, பொத்தானுக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் நூல் தெரியும். ஊசியை அந்த இடுக்கில் வெளியே எடுத்து, அந்த நூல்களைச் சுற்றி ஐந்து முறை சுற்றுங்கள். இதுதான் பொத்தானின் கழுத்து. பிறகு ஊசியைப் பின்பக்கம் இறக்கி இரண்டு முடிச்சு. சட்டைக்கு இரண்டு மில்லிமீட்டர் கழுத்து போதும், கோட்டுக்கு அதில் இரண்டு மடங்கு வேண்டும். பொத்தான் பிய்ந்த இடத்தில் துணியே கிழிந்திருந்தால் பின்னால் ஒரு சின்னத் துண்டுத் துணியை வைத்து இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். கிழிசலின் மேல் வெறும் நூல் நிற்காது.

நீலம், கஞ்சி, இஸ்திரி

வெள்ளைத் துணி விஷயத்தில் வரிசைதான் எல்லாம். சோப்பு முழுக்கப் போக அலசிய பிறகு நீலம், பிறகு கஞ்சி, பிறகு நிழலில் உலர்த்தல், ஈரம் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது இஸ்திரி. சோப்பு மிச்சம் இருந்தால் சூட்டுப்பெட்டி படும்போது பழுப்பேறும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த முறை நீலத்தைக் கூட்டுவார்கள். கூட்ட வேண்டியது அலசலை.

சொட்டு நீலத்தைத் துணியின் மேல் விடவே கூடாது. அரை வாளித் தண்ணீரில் நான்கைந்து சொட்டு விட்டு, கையால் நன்றாகக் கலக்கி, உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். மிக லேசான வான நிறம் தெரிந்தால் போதும். துணி ஈரமாக இருக்க வேண்டும், முழுக்க விரிந்திருக்க வேண்டும். உலர்ந்த துணி முதலில் தண்ணீர் படும் இடத்தில் நிறத்தை மொத்தமாகக் குடித்துவிடும். திட்டு விழுவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். முக்கி எடுத்து, இரண்டு மூன்று முறை புரட்டி, உடனே பிழிந்துவிடுங்கள். ஊறப்போட வேண்டாம். திட்டு விழுந்துவிட்டால் காய்வதற்கு முன்பே நல்ல தண்ணீரில் போட்டு அலசினால் பெரும்பகுதி போய்விடும்.

ஒரு பருத்திப் புடவைக்கோ எட்டு முழ வேட்டிக்கோ கஞ்சி போட, இரண்டு மேசைக்கரண்டி மைதாவை ஒரு குவளைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் அரை லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் வெண்மை குறைந்து கண்ணாடிபோல் பளபளப்பு வரும். அந்தப் பதம் வராத கஞ்சி உலர்ந்ததும் மாவாக உதிரும். மெல்லிய துணியில் வடிகட்டி, மூன்று நான்கு லிட்டர் தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். கறுப்பு, கருநீலப் புடவைகளுக்கு ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது; தெளிவாக இருப்பதால் வெள்ளைப் படலம் குறையும். எப்படியானாலும் துணியை உட்புறம் வெளியே தெரியும்படித் திருப்பி முக்குங்கள். சோறு வடித்த கஞ்சியும் அருமையானதுதான், ஆனால் உப்புப் போட்டு வடித்தது வேண்டாம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மதியத்துக்குள் துணி தொய்ந்துவிடும்.

கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பதுதான் நல்ல புடவைகளைக் கெடுக்கிற காரியம். ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து தீனி. விறைப்பாக மடிந்த இடம் அதே கோட்டில் நாளாவட்டத்தில் இற்றும் போகும். அடுத்த சில வாரங்களுக்குள் உடுத்தப் போவதில்லை என்றால் கஞ்சியை அலசிவிட்டு, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். அடைமழைக் காலத்தில் கஞ்சியே வேண்டாம். காயும் முன்பே வாடை பிடித்துவிடும்.

இஸ்திரிக்கு முன் தண்ணீர் தெளித்தவுடன் பெட்டியை வைக்காதீர்கள். தெளித்து, சுருட்டி, கால் மணி நேரம் வைத்தால் ஈரம் ஒரே சீராகப் பரவும். பெட்டியிலுள்ள புள்ளிகளுக்கு அளவு உண்டு: ஒரு புள்ளி சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. பாலியெஸ்டர் கலந்தவை, பட்டு, பருத்தி என்று குறைந்த சூட்டில் தொடங்கி ஏறிக்கொண்டே போங்கள். சூடேறிய பெட்டி ஆறுவதற்கு நேரம் எடுக்கும். இறங்குவரிசையில் போனால் அந்த இடைவெளியில்தான் மெல்லிய துணி பொசுங்குகிறது. கலப்புத் துணியில் பளபளவென்று ஒரு தடம் விழுந்தால் அது அழுக்கில்லை, இழை உருகிய தடம். திரும்பாது. அதனால் அவற்றை உட்புறம்தான் தேய்க்க வேண்டும். தெருமுனையில் கரிப்பெட்டியில் தேய்ப்பவரிடம் கொடுக்கும்போது எது கலப்புத் துணி, எது பட்டு என்று வாயால் சொல்லிவிடுங்கள். அந்தப் பெட்டியில் சூட்டைக் கட்டுப்படுத்த எதுவும் கிடையாது, அவர் கைப்பழக்கம் மட்டுமே.

சட்டையில் முதலில் காலர். அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம், இரண்டுமே நுனியிலிருந்து நடுவை நோக்கி. நடுவிலிருந்து நுனிக்குத் தள்ளினால் உபரித் துணி நுனியில் போய்ச் சுருங்கி நிற்கும், எல்லோர் கண்ணும் முதலில் படுகிற இடமும் அதுதான். அடுத்துக் கைமுனை, கை, தோள்பட்டை. உடம்புப் பகுதி கடைசியில். பெரிய பகுதியை முதலில் தேய்த்தால் கையைத் தேய்ப்பதற்குள் அது மறுபடி கசங்கிவிடும்.

புடவை கட்டும் முன்

புடவையின் அடிக்கரை முதல் துவைப்புக்குப் பிறகு அலை அலையாகச் சுருண்டால் புடவையைக் குறை சொல்லாதீர்கள். ஃபால்ஸ் துணியை நனைக்காமல் தைத்திருக்கிறார்கள். மூன்று அங்குல அகலமும் சுமார் இரண்டரை மீட்டர் நீளமும் உள்ள அந்தப் பருத்திப் பட்டை தண்ணீர் பட்டதும் சுருங்கும், புடவையையும் சேர்த்து இழுக்கும். ஃபால்ஸ் வாங்கியவுடன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத் தையலுக்குக் கொடுங்கள். சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். மேல் விளிம்பைக் கையால் தைக்கும்போது புடவையின் ஓரிரு இழையை மட்டும் பிடிக்க வேண்டும். நூலை இறுக்கினால் வெளிப்பக்கம் வரிசையாகப் புள்ளி விழும்.

கொசுவம் வழுக்கி இறங்குவதற்கும் காரணம் கொசுவத்தில் இல்லை. பாவாடை நாடா தளர்ந்திருக்கும், அல்லது பருத்திப் புடவைக்கு அடியில் வழவழப்பான சாட்டின் பாவாடை இருக்கும். பருத்திப் புடவைக்குப் பருத்திப் பாவாடைதான் பிடிமானம். நாடாவை நடு வயிற்றில் முடியாமல் பக்கவாட்டில் முடிந்தால், கொசுவம் செருகும் இடத்தில் முடிச்சு துருத்தாது. அன்று போடப்போகும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் முதல் சுற்றைச் செருக வேண்டும். குதிகால் ஓர் அங்குலம் உயர்ந்தால் கரை ஓர் அங்குலம் மேலே போகும். கட்டிய பிறகு இழுத்துச் சரிசெய்தால் கொசுவம் கலையும்.

ஐந்தரை மீட்டர் புடவையில் உள்ளங்கை அகலத்துக்கு ஐந்து முதல் ஏழு கொசுவம் வரும். விறைப்பான பருத்தியில் அவை முன்னால் புடைத்து நிற்காமல் இருக்க, மேல் விளிம்புகளை ஒரே மட்டத்தில் சேர்த்து, ஓர் அங்குலம் உட்பக்கம் மடித்துவிட்டு, அந்த மடிப்போடு செருகுங்கள். தோளில் ஊக்கு குத்தும்போது அதில் முதலில் ஒரு சிறு பாசிமணியைக் கோத்துவிட்டுப் பிறகு குத்துங்கள். ஊக்கின் வளைந்த மூலையில் இழைகள் போய் மாட்டிக் கிழிவதை அந்த மணி தடுத்துவிடும். மெல்லிய பட்டுக்கும் ஷிஃபானுக்கும் இது ரொம்ப முக்கியம்.

வேட்டிக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒட்டும் பட்டை வைத்த வேட்டியாக இருந்தால் பட்டையை ஒட்டிவிட்டுத் துவையுங்கள். திறந்தபடி துவைத்தால் அதில் நூலும் தூசியும் அடைத்துக்கொண்டு சீக்கிரமே பிடிப்பு போய்விடும்.

கறையும் அப்படித்தான், முதலில் எதை ஊற்றுகிறோம் என்பதில் இருக்கிறது. சாம்பார் பட்ட இடத்தில் சோப்பு போட்டதும் சிவந்தால் பயப்படாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான். துவைத்துவிட்டு நேரடி வெயிலில் போடுங்கள், வெயிலே அந்த நிறத்தை உடைத்து வெளிறச் செய்யும். இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர் மட்டும். வெந்நீர் பட்டால் புரதம் இறுகி இழையோடு ஒட்டிவிடும். பால்பாயின்ட் பேனாக் கறைக்குக் கைகழுவும் சானிட்டைசரை நனைத்து, அடியில் ஒரு பழந்துணி வைத்து, ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் வட்டம் பெரிதாகும். ஜெல் பேனாக் கறை இதற்கு அசையாது. வாழைக்கறைக்கு வழி கிடையாது. வாழைத்தார் வெட்டும்போது பழைய துணி உடுத்துவதுதான் ஒரே வழி.

மனு எழுதுவது

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, ஐயா அல்லது அம்மா என்ற விளி, விவரம், இப்படிக்கு, இடம், நாள், இணைப்பு என்ற அமைப்பு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அந்தத் தாள் அலுவலகத்துக்குள் போனபின் என்ன ஆகிறது என்று தெரிந்தால் எழுதும் விதமே மாறிவிடும். தபால் பிரிவில் முத்திரை குத்தி, எண் போட்டு, எந்தப் பிரிவுக்கு என்று பிரிக்கிறார்கள். பிரிப்பவர் முழு மனுவையும் படிப்பதில்லை. அவர் பார்ப்பது ‘பொருள்’ வரியை. பிறகு அது ஓர் உதவியாளரின் தன்பதிவேட்டில், அதாவது தன்னிடம் வரும் தாள்களை அவர் பதியும் ஏட்டில், ஏறுகிறது. அவர் தேடுவது இரண்டே விஷயம்: என்ன கேட்கிறார், எதை ஆதாரமாக வைத்திருக்கிறார்.

ஆகவே பொருள் வரி அலுவலக வழக்கத்திலேயே இருக்கட்டும்: ‘தெருவிளக்கு – 14-ஆம் எண் கம்பம் – பழுது – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.’ துறை சார்ந்த சொல் முதலில், இடம் அடுத்து, கோரிக்கை கடைசியில். ‘எங்கள் பகுதி மக்களின் நீண்டநாள் குறைகள் தொடர்பாக’ என்று எழுதினால் அது எந்தப் பிரிவுக்கும் சொந்தமில்லாமல் மேசைக்கு மேசை அலையும்.

முதல் பத்தியைப் பெரும்பாலோர் இப்படித் தொடங்குகிறார்கள்: ‘நான் மேற்கண்ட முகவரியில் பல ஆண்டுகளாகக் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். எங்கள் பகுதி மிகவும் பின்தங்கிய பகுதி.’ இதற்கு அலுவலகத்தில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதே இடத்தில் இப்படி இருக்கட்டும்: ‘எங்கள் தெருவில் 14-ஆம் எண் மின்கம்பத்தில் உள்ள விளக்கு மார்ச் 3 முதல் எரியவில்லை. அதை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கம்ப எண் அதிலேயே எழுதியிருக்கும், போய்ப் பார்த்து எழுதுங்கள். எண் இல்லாவிட்டால் பக்கத்திலுள்ள கடையோ கோயிலோ சொல்லி, அதிலிருந்து எத்தனையாவது கம்பம் என்று குறிப்பிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் நடந்து வருவது, நாய்த்தொல்லை எல்லாம் இரண்டாம் பத்தியில், மூன்று வரிக்குள்.

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை என்பதை விட்டுக்கொடுக்கவே கூடாது. விளக்கும் சாக்கடையும் வேறு வேறு ஆட்கள் பார்க்கிற வேலை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் தாள் ஒருவரிடம் போகும், மற்றொரு கோரிக்கை அங்கேயே செத்துப்போகும். இரண்டு தாள் எழுதுங்கள். பெறுநரும் அந்த வேலையைச் செய்யும் அதிகாரம் உள்ளவராக இருக்கட்டும். மேலே மேலே அனுப்பினால் வேகமாக நடக்கும் என்ற எண்ணத்தில் தலைமைச் செயலகத்துக்கு எழுதுகிறார்கள். அது படிப்படியாக இறங்கி அதே உதவிப் பொறியாளரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ வந்து சேர்வதற்குள் வாரங்கள் ஓடிவிடும். நேராக அவருக்கு எழுதி, ‘நகல்’ என்று போட்டு மேலதிகாரிக்கு ஒரு படி அனுப்புங்கள்.

தாளின் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் ஓரம் விடுங்கள். கோப்பில் சேர்க்கும்போது துளை போட்டு டேக் கட்டுவார்கள். ஓரம் இல்லாவிட்டால் எழுத்து துளையில் போய்விடும். பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள், ஜெல் மையில் ஈரக் கை பட்டால் பரவும். தொகையை இலக்கத்திலும் எழுத்திலும் போடுங்கள்: ரூ.12,450 (பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது மட்டும்). இணைப்பில் என்ன என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதை எண் போட்டு எழுதினால், பிறகு ‘சான்று இல்லை’ என்று சொல்ல வழியில்லை.

கையோடு இரண்டாவது படி கொண்டுபோய் அதில் முத்திரை, தேதி, சுருக்கொப்பம் வாங்குவது எழுதுவதைவிட முக்கியம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணுடன் ரசீது தருவார்கள். அந்த எண்ணும் தேதியும்தான் அடுத்த கடிதத்தின் ‘பார்வை’. பார்வை இல்லாத நினைவூட்டலைப் புது மனுவாகப் பதிந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கே பிழை கேள்வி கேட்கும் விதத்தில் நடக்கிறது. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்ப முடியும். ஆவணத்தைக் கேளுங்கள்: ‘இந்தத் தேதியில் இந்த எண்ணில் நான் கொடுத்த மனுவின் மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல் தருக. மனு தற்போது எந்த அலுவலரிடம் உள்ளது என்ற விவரம் தருக.’ பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் மேல்நிலை அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. பல விண்ணப்பங்களுக்கு, இந்தக் கேள்வி போன உடனேயே பழைய மனுவைத் தேடி எடுத்துவிடுகிறார்கள்.

தமிழில் தட்டச்சு

தமிழ்99 விசைப்பலகை 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். கைகள் மாறி மாறி ஓடுவதால் நாள் முழுக்க அடிப்பவர்களுக்குக் களைப்பு குறைவு. ஆங்கில ஒலியை வைத்து அடிப்பது முதல் வாரத்தில் சுலபம். தினமும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுபவர் தமிழ்99-ஐப் பழகுவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. இதில் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும்: க, க என்றால் ‘க்க’. ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற ஜோடிகளுக்கும் அப்படியே. அதனால் ‘வந்தான்’ என்பதில் நடுப்புள்ளியை நீங்கள் அடிக்க வேண்டாம். ‘ஜனனம்’ அடிக்கும்போது மட்டும் ‘ஜன்னம்’ என்று வந்து நிற்கும். இரண்டு ‘ன’வுக்கும் நடுவே ‘அ’ விசையைத் தட்டினால் புள்ளி விழாது.

திரையில் சரியாகத் தெரிகிற எழுத்தைத் தேடினால் அகப்படாமல் போவதுண்டு. ‘கௌரி’ என்பதில் ஒற்றைக் குறியாக வர வேண்டிய ‘ௌ’வுக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்த்து ‘கெளரி’ என்று அடித்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். இதேபோல் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் வந்து ‘அவா்’ என்று நிற்கும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது ஏராளம். பெயர்ப் பட்டியலோ வாக்காளர் பட்டியலோ தயாரிப்பவர்கள் வேலையின் தொடக்கத்திலேயே ‘ா்’ என்பதைத் தேடி ‘ர்’ என்று மாற்றிவிட வேண்டும். கடைசியில் செய்தால் அதுவரை செய்த அகரவரிசை எல்லாம் வீண்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உள்ளதை நேரே ஒட்டினால் வெறும் குறிகளாக வரும். ஒவ்வொன்றிலும் எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற ஒதுக்கீடே வேறு. முதலில் யூனிகோடாக (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாக) மாற்றும் கருவியில் போட்டு, பிறகு ஒட்டுங்கள். குரல்வழித் தட்டச்சு செய்தால் ர-ற, ல-ள-ழ, ந-ன-ண மூன்று கூட்டத்தை மட்டும் தனியாக ஒரு முறை பாருங்கள். ‘பணி’ ‘பனி’ ஆகும், ‘கறை’ ‘கரை’ ஆகும்.

ஒற்றுப் பிழைக்கு முழு இலக்கணத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மூன்று இடத்தில் ஒற்றுப் போடுங்கள்: அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி என்பவற்றுக்குப் பின் (அந்தக் கடை), ‘ஐ’ உருபுக்குப் பின் (கதவைத் திற), ‘கு’ உருபுக்குப் பின் (ஊருக்குப் போனான்). மூன்று இடத்தில் போடாதீர்கள்: ஒரு, இரு என்பவற்றுக்குப் பின் (ஒரு கடை), வந்த, செய்த, பெரிய போன்ற பெயரெச்சத்துக்குப் பின் (வந்த கடிதம், பெரிய கடை), அது, இது, எது என்பவற்றுக்குப் பின். அன்றாடக் கடிதத்தில் வரும் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஆறிலேயே தீர்ந்துவிடும்.

மேசையில்

மாலையில் எழுந்து போகும் முன் மறுநாள் முதல் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள். ‘அறிக்கை முடிக்க வேண்டும்’ என்று எழுதினால் காலையில் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். ‘மூன்றாம் பக்க அட்டவணையில் பிப்ரவரி வரவு நிரப்ப வேண்டும்’ என்று கை வைக்கும் இடம்வரை எழுதினால் உட்கார்ந்தவுடன் வேலை ஓடும்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-03-05 என்று தொடங்குங்கள். கணினி அதைத் தானே கால வரிசையில் அடுக்கும். ‘இறுதி’, ‘புது இறுதி’ என்று பெயர் வைத்த கோப்புகளில் எது கடைசி என்று வைத்தவருக்கே தெரியாது. வாய்ப்பேச்சில் முடிவான விஷயத்தை அன்றே மூன்று வரியில் செய்தியாக அனுப்பிவிடுங்கள்: ‘இன்று பேசியபடி, சரக்குப் பட்டியலை நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறீர்கள், விலையை நான் திங்களன்று உறுதி செய்கிறேன்.’ புரிதலில் பிசகு இருந்தால் அப்போதே திருத்தம் வரும்.

கழுத்து வலிக்கு மடிக்கணினியின் உயரம் காரணம் என்று அதைப் புத்தகங்களின் மேல் ஏற்றுகிறார்கள். அப்போது கையும் சேர்ந்து ஏறி மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கும், முழங்கை மேசை மட்டத்துக்கும் வர வேண்டுமானால் தனி விசைப்பலகை அவசியம். திரை ஒரு கை நீளத்தில் இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பாருங்கள்.

இணையவழி விண்ணப்பத்தில் கையொப்பப் படம் மங்கலாக இருக்கிறது என்று நிராகரித்தால் பலரும் படத்தை மீண்டும் மீண்டும் சுருக்கிப் பார்க்கிறார்கள். அது கையெழுத்துப் போட்ட பேனாவில் நடந்த பிழை. மெல்லிய பால்பாயின்ட் கோடு, சில கேபி அளவுக்குச் சுருக்கும்போது காணாமல் போய்விடும். கோடில்லாத வெள்ளைத் தாளில், தடித்த முனையுள்ள கறுப்புப் பேனாவால் போடுங்கள். சன்னல் வெளிச்சத்தில், கை நிழல் விழாமல், நேர் மேலிருந்து படமெடுங்கள். முதலில் கையொப்பத்தைச் சுற்றி வெட்டிவிட்டு, அதன் பிறகு சுருக்குங்கள். வெற்றுத் தாளோடு சேர்த்துச் சுருக்கினால் பாதி அளவு அந்த வெள்ளைக்கே போய்விடும். சுருக்கிய படத்திலிருந்து மறுபடி சுருக்காமல், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மூலப் படத்திலிருந்தே புதிதாகச் செய்துகொள்ளுங்கள். மூலப் படத்தை மட்டும் அழிக்காமல் தனிக் கோப்புறையில் வைத்திருங்கள்.